தோல் பெட்டி முந்நூறு, துப்பாக்கி நூறு

லண்டன் மேரிலபோன் நிலையத்தில் பர்மிங்காம் ரயில் ஏறினால், நகரத்தின் கொல்லைப்புறங்கள் ஓய்ந்து சில்டர்ன் குன்றுகள் தொடங்கும் இடத்தில் பீக்கன்ஸ்ஃபீல்டு வருகிறது. தோட்டம் வைத்த வீடுகள், கார் நிறுத்துமிடம், காபிக் கடை. இறங்கிப் பார்க்கத் தூண்டும் ஊர் அல்ல. ஆனால் அங்கே உள்ள ஹால் பார்ன் எஸ்டேட்டில் 1913 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உட்பட ஏழு பேர் சேர்ந்து, ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட் கோழிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். மன்னர் கணக்கில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். இன்று கொஞ்சம் அளவு மீறிவிட்டோம் போலிருக்கிறது என்று திரும்பும் வழியில் அவர் சொன்னதாக மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஒருவர் ஒரு நாளில் ஆயிரம் பறவை சுடுவது எப்படி? ஆட்கள் வரிசையாக வந்து புதர்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடுவார்கள். சுடுபவர் நின்ற இடத்திலேயே நிற்பார். கையில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. பின்னால் நிற்கும் பணியாள் கையில் அதே எடை, அதே நீளம், அதே வளைவில் செய்த ஜோடித் துப்பாக்கி. இரண்டு வெடி வெடித்ததும் காலித் துப்பாக்கி பின்னே போகும், நிரப்பியது முன்னே வரும். நாள் முழுக்கத் தூக்கினாலும் தோள் சோராதபடி எடை மூன்று கிலோவை ஒட்டி நின்றுவிடும். வாங்குபவரின் கையையும் கழுத்தையும் அளந்து, தையற்காரர் சட்டை தைப்பதுபோல் அதன் வால்நட் கட்டையைச் செதுக்குவார்கள். பணக்காரர்களின் விளையாட்டு ஒன்றுக்காக இவ்வளவு நுணுக்கம். எனக்கு வேட்டையில் ஈடுபாடு கிடையாது. ஹால் பார்ன் கணக்கைப் படிக்கும்போது குமட்டத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த எவருக்கும், செய்தவன் கை தெரியாமல் போகாது.

ரயில் ஏறுவதற்கு முன்னால் மேஃபேரில் சவுத் ஆட்லி தெருவில் பர்டி கடையின் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். 1814ல் தொடங்கிய கம்பெனி. 1880களிலிருந்து இதே கட்டடம். இங்கே புதிதாக ஓர் இரட்டைக்குழல் சொல்லிச் செய்தால் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் ஆகும், நம் பணத்தில் கோடி ரூபாயைத் தாண்டும். கைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அதே இங்கிலாந்தில், பர்மிங்காமில் 1920களில் அதே மாதிரிக் கைகளால் செய்யப்பட்ட நல்ல துப்பாக்கி இன்று ஏலத்தில் நூறு, நூற்றைம்பது பவுண்டுக்குப் போகிறது. ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கும் காசு. இரண்டு விலைக்கும் நடுவில் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ளவே இந்தப் பயணம்.

பர்மிங்காம் ஸ்னோ ஹில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், நடந்துபோகும் தூரத்தில் துப்பாக்கிப் பேட்டை. ஸ்டீல்ஹவுஸ் லேன், லவ்டே தெரு, பிரைஸ் தெரு, பாத் தெரு. 19ஆம் நூற்றாண்டில் உலகிலேயே துப்பாக்கித் தொழில் இவ்வளவு நெருக்கமாகக் குவிந்த இடங்கள் வெகு சிலதான். ஆனால் ஆலை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒரு சந்தில் குழல் செய்பவர், அடுத்த மாடியில் பூட்டு செய்பவர், எதிர் முற்றத்தில் கட்டை செதுக்குபவர், செதுக்கு வேலைக்காரர், மெருகு போடுபவர். பாதி முடிந்த துப்பாக்கிகளைச் சிறுவர்கள் சுமந்துகொண்டு ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவார்கள். 1960களில் நகராட்சி போட்ட வட்டச்சாலை இந்தப் பேட்டையின் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விட்டது. 2011ல் பெயரையே எடுத்துவிட்டு, அருகிலிருக்கும் தேவாலயங்களின் பெயரைச் சூட்டினார்கள். துப்பாக்கி என்ற சொல் ஊர்ப்பெயரில் இருப்பது நன்றாயில்லையாம். ஊரார் சண்டை போட்டுப் பழைய பெயரைத் திரும்ப வாங்கினார்கள். பெயர் வந்தது, தொழில் வரவில்லை. செங்கல் கட்டடங்கள் பல இன்று மாணவர் விடுதிகள்.

மிஞ்சியிருக்கும் பட்டறை ஒன்றில், கட்டை வேலை செய்யும் முதியவரைச் சந்திக்க நண்பர் ஏற்பாடு செய்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். பதினைந்து வயதில் தொழிலுக்கு வந்தவர். மேசையில் சின்ன மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. இரும்புப் பாகத்தை அந்தப் புகையில் காட்டிக் கரி படிய வைத்து, மரத்தில் பொருத்தி எடுப்பார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவு. மறுபடி புகை, மறுபடி பொருத்தம், மறுபடி சீவு. மரமும் இரும்பும் தலைமுடி நுழையாத அளவுக்கு ஒட்டும்வரை இதே வேலைதான். உயர்ந்த ரகத் துப்பாக்கி ஒன்றுக்கு எல்லோருடைய வேலையும் சேர்ந்து ஆயிரம் மணி நேரம் வரை ஆகும் என்றார்.

மேசையின் மறுமுனையில், பழுது பார்க்க வந்த துப்பாக்கி ஒன்று கிடந்தது. சாதாரண பாக்ஸ்லாக். இந்த வகையை ஆன்சன், டீலி என்ற இருவர் 1875ல் வடிவமைத்து உரிமம் எடுத்தார்கள். இருவரும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனி ஆட்கள். அதுவரை பெரும்பாலும், தோட்டாவை அடிக்கும் குதிரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரலால் இழுத்து வைக்க வேண்டும். இவர்கள் குதிரையை உள்ளே ஒளித்து, குழலை மடக்கித் திறக்கும்போதே அது தானாக இழுபடும்படி செய்தார்கள். உறுப்புகள் குறைவு, விலை குறைவு, கெடுவதும் குறைவு. உலகம் முழுக்க நகலெடுத்தார்கள். மேசையில் கிடந்த துப்பாக்கியில் ஏதோ சிற்றூர் இரும்புக் கடைக்காரரின் பெயர் செதுக்கியிருந்தது.

"அந்தக் கடைக்காரர் ஒரு திருகாணிகூடச் செய்திருக்க மாட்டார்" என்றார் முதியவர். "எல்லாம் இந்தத் தெருவில் செய்ததுதான். வாங்குகிறவர் கேட்கிற பெயரைப் போட்டுக் கொடுப்போம்."

கல்கத்தாக் கடைகளான ராடா, மேன்டன் என்று பெயர் பொறித்து நம் நாட்டுக்கு வந்தவற்றில் பெரும்பகுதியும் இந்தச் சந்துகளில் பிறந்தவைதான்.

அந்தத் துப்பாக்கியின் கட்டை, கைப்பிடியருகே விரிசல் விட்டிருந்தது. சரிசெய்ய என்ன ஆகும் என்று கேட்டேன். புதுக் கட்டை போட்டால் இரண்டாயிரம் பவுண்டு என்றார். துப்பாக்கி எவ்வளவு பெறும்?

"இருநூறு கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். எண்பதுகளில் இதே மாதிரி ஒன்று ஆயிரத்துக்குக் குறைந்து போனதில்லை. அமெரிக்காவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்."

உடைமையாளர் என்ன சொன்னாராம்? முதியவர் தோளைக் குலுக்கினார். "விரிசலை ஒட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அவருடைய தாத்தாவுடையது."

விலைச் சரிவின் முதல் காரணம் எனக்கு அங்கேயே புரிந்தது. பொருளின் விலை, அதைப் பழுது பார்க்கும் கூலிக்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு சிறு பழுதும் மரண தண்டனைதான்.

பேட்டையிலிருந்து தென்கிழக்கே நடந்தால், ரயில் பாதையை ஒட்டி பான்பரி தெருவில் சோதனைச் சாலை இருக்கிறது. வாசல் மேலே கேடயங்களும் கொடிகளும் ஆயுதங்களும் குவித்து வண்ணம் தீட்டிய சிற்பம். 1813ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு ஏற்படுத்திய இடம். லண்டனில் இதைவிட மூத்தது ஒன்று உண்டு. அதை நடத்தும் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637ல் அரச சாசனம் கிடைத்தது. சோதனை எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுக்கும் தோட்டாவை மூடிய அறைக்குள் வெடித்துப் பார்ப்பார்கள். குழல் வீங்காமல், வெடிக்காமல் பிழைத்தால் முத்திரை. முத்திரை இல்லாமலோ, முத்திரையின் அளவு எல்லை தாண்டிய பிறகோ ஒரு துப்பாக்கியை விற்பது குற்றம்.

இந்த நல்ல சட்டம்தான் பழைய துப்பாக்கிகளுக்கு எமன். நூறு வருஷத்தில் துரு பிடிக்கும், துருவைத் தேய்த்து எடுப்பார்கள், பள்ளம் விழும், அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி தேய்ப்பார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் குழலின் சுவர் மெலியும், உள்விட்டம் பெருகும். ஒரு நாள் அளந்து பார்த்தால் முத்திரை செல்லாது. மறுசோதனைக்கு அனுப்பலாம், தோற்றால் குழல் போச்சு. அறைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்பக்கம் முழுவதையும் வெட்டியெறிந்து புதுக் குழாய் செருகும் முறையும் உண்டு. அதற்கும் ஆயிரத்துக்கு மேல் ஆகும். செருகியது என்று குழலிலேயே பொறிக்க வேண்டும், அதைப் பார்த்ததும் வாங்க வந்தவர் திரும்பிவிடுவார். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்து, மேலே பாம்புச்சட்டை மாதிரி வரிகள் ஓடும் டமாஸ்கஸ் குழல்களின் நிலைமை இன்னும் மோசம். கருமருந்துக் காலத்தவை என்பதால், முத்திரை சரியாக இருந்தாலும் பாதிப் பேர் பயந்து தொடமாட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் தாக்குப்பிடித்திருக்கும். ஆனால் துப்பாக்கி சுடுகிறவர்களே மாறிவிட்டார்கள். இன்று இங்கிலாந்தில் இளைஞர்கள் சுடப் பழகுவது பறவை மேல் அல்ல, எந்திரம் எறியும் தட்டின் மேல். அதற்குக் குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைவிட மேலும் கீழுமாக இருப்பது வசதி. பார்வைக்கு ஒற்றைக் கோடு கிடைக்கிறது, எடை கூட என்பதால் உதையும் குறைகிறது. இத்தாலியின் பெரெட்டா, ஜப்பானின் மிரோகு, எந்திரத்தில் கடைந்து ஆயிரக்கணக்கில் தருகிறார்கள். குழல் வாயை இறுக்கும் சோக்கைத் திருகிக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், உதிரி பாகம் தபாலில் வரும். பழைய ஆங்கிலத் துப்பாக்கியின் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70. தாத்தா காலத்து உயரத்துக்குச் செதுக்கிய கட்டை, இன்றைய ஆறடிப் பேரனுக்குக் குட்டை. வெப்ளி அண்ட் ஸ்காட் 1979ல் பர்மிங்காமில் ஷாட்கன் தயாரிப்பை நிறுத்தியபோதே முடிவு தெரிந்துவிட்டது.

கடைசி அடி ஈயத்தால் விழுந்தது. இந்தத் துப்பாக்கிகள் எல்லாமே மென்மையான ஈய ரவைக்காகச் செய்யப்பட்டவை. சுட்ட ரவை மண்ணிலும் சேற்றிலும் கிடக்கும். கல் என்று எண்ணிப் பறவைகள் விழுங்கி விஷமேறிச் சாகும். இங்கிலாந்தில் நீர்ப்பறவை சுட ஈயம் கூடாது என்று 1999லேயே விதி வந்தது. 2020ல் ஒன்பது வேட்டை அமைப்புகள் சேர்ந்து, ஐந்தாண்டில் தாங்களாகவே ஈயத்தை விட்டுவிடுவதாக அறிவித்தன. கிட்டத்தட்ட யாரும் விடவில்லை, கடையில் விற்கும் ஃபெசன்ட் இறைச்சியை ஆராய்ச்சியாளர்கள் அறுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஈயமே இருந்தது. 2025ல் அரசு தடையை அறிவித்துவிட்டது. மாற்று ஸ்டீல் ரவை. வாய் இறுக்கமான பழைய மெல்லிய குழலில் அதைப் போட்டால் குழல் வீங்கும். பிஸ்மத் ரவை போடலாம். ஒவ்வொரு தோட்டாவும் ஈயத்தைவிடப் பல மடங்கு விலை. நூறு பவுண்டு துப்பாக்கிக்கு யார் அந்தத் தீனி போடுவார்கள்? தடை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாத்தின் உயிர், செதுக்கிய இரும்பைவிடப் பெரிதுதான்.

பர்மிங்காமிலிருந்து நார்ஃபோக்கில் பழைய துப்பாக்கி ஏலம் ஒன்றுக்குக் காரில் போகும் வழியில், சஃபோக் எல்லையோரம் எல்விடன் வருகிறது. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் ஊர். 1849ல் பத்து வயதில் ராஜ்யத்தைப் பறிகொடுத்து, ஆங்கிலேயர் கொடுத்த பென்ஷனில் வளர்ந்தவர். 1863ல் இந்த எஸ்டேட்டை வாங்கி, மாளிகையின் உள்ளே பஞ்சாபை நினைவூட்டும் வேலைப்பாடு செய்து, வெளியே கவுதாரி சுட்டே காலத்தைக் கழித்தார். இங்கிலாந்தின் மிகச் சிறந்த நாலைந்து சுடுநர்களில் ஒருவர் என்று பெயர். கடனில் மூழ்கி, அரசோடு முரண்பட்டு, 1893ல் பாரிஸில் இறந்தார். அவரையும் மனைவி பம்பாவையும் அடக்கம் செய்த இடம் எல்விடன் தேவாலய வளாகம். நான் போனபோது சீக்கியக் குடும்பம் ஒன்று பர்மிங்காமிலிருந்து வந்து கல்லறை முன் நின்றிருந்தது. சிங்கம் மாதிரி வாழ வேண்டியவரை இங்கே கொண்டுவந்து கவுதாரி சுட விட்டுவிட்டார்கள் என்றார் குடும்பத்துப் பெரியவர், ஆங்கிலத்தில், யாரையும் பார்க்காமல். அதிகாரம் இழந்த நம் சமஸ்தானத்து மன்னர்கள் பலருக்கும் இந்த இரட்டைக்குழல்தான் பொழுதுபோக்காக மிஞ்சியது. பர்டியும் இன்னொரு லண்டன் கம்பெனியான ஹாலண்டும் அவர்களுக்குச் செய்து கொடுத்தே கொழித்த காலம் ஒன்று உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு இந்தியாவில் அந்தக் கதை முடிந்தது.

ஏலம் நடக்கும் இடம் பழைய பண்ணைக் களஞ்சியம். முதல் நாள் பார்வைக்கு. சுவர் முழுக்கத் தாங்கிகளில் துப்பாக்கிகள். ஒவ்வொன்றின் விசைக்காப்பிலும் சீட்டு: குழல் சுவரின் மெல்லிய இடம் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை, அறை எவ்வளவு, முத்திரை செல்லுமா. வந்திருந்தவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

எங்கிருந்து இத்தனை வருகின்றன? அலுவலகத்தில் நின்ற அம்மாள் ஒருவரிடமிருந்து பதில் கிடைத்தது. கணவர் போன மாதம் இறந்துவிட்டாராம். மூன்று துப்பாக்கிகள். லைசென்ஸ் கணவர் பெயரில். மகனுக்கு இல்லை, வாங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. வீட்டில் வைத்திருந்தால் இவர் குற்றவாளி. போலீஸில் ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள். "எது கிடைத்தாலும் சரி, ஆனால் உருக்க வேண்டாம்" என்றார்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் தபால் ஆபீசில் பத்து ஷில்லிங் கட்டினால் போதும், துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 1967 சட்டத்தில் போலீஸ் சான்றிதழ் வந்தது. 1987ல் ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு விதிகள் இறுகின. பூட்டிப் பத்திரமாக வைப்பது கட்டாயம். 2021ல் பிளிமத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு டாக்டர் சான்றும் வேண்டும். 2025ல் புதுச் சான்றிதழுக்கான கட்டணம் 79.50 பவுண்டிலிருந்து 194க்கு ஏறியது. ஆக, லைசென்ஸ் எடுக்கும் செலவு துப்பாக்கியைவிட அதிகம். இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலை சரிவதன் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய கடிகாரம் ஓடாவிட்டாலும் சுவரில் மாட்டலாம். பழைய வயலினை வாசிக்காமலே வைத்திருக்கலாம். சுடும் நிலையில் உள்ள இந்தத் துப்பாக்கியை அழகுப் பொருளாக வாங்குபவரும் சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தத் தொல்லையைப் படுகிறவர் பெரும்பாலும் சுடுகிறவர், சுடுகிறவருக்கு இது வேண்டாம். இதைவிட மூத்த பின்ஃபயர் வகைக்குத் தோட்டாவே இப்போது கிடையாது என்பதால் அரும்பொருள் என்று சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் சுடவே முடியாத அந்தத் துப்பாக்கிகளுக்குத்தான் மறுநாள் ஏலத்தில் சுறுசுறுப்பாகக் கை தூக்கினார்கள்.

ஏலம் வேகமாக நடந்தது. லண்டன் பெயர் பொறித்த ஜோடிகள் ஆயிரங்களில் போயின. பர்டி, பாஸ் போன்ற லண்டன் கம்பெனிகளுக்கு இன்னும் மவுசு உண்டு, பெயருக்காகவே வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சரிவு அடித்தது நடுத்தரத்தை. பர்மிங்காம் பாக்ஸ்லாக் ஒவ்வொன்றும் எண்பதில் தொடங்கி, நூற்றிருபதில் முடிந்தது. சிலவற்றுக்குக் கேட்பாரே இல்லை. 1910 வாக்கில் செய்த ஒன்று, இலைக்கொடிச் செதுக்கலோடு, ஓக் சட்டத்தில் தோல் தைத்த சொந்தப் பெட்டியோடு வந்திருந்தது. உடைமையாளர் இரண்டையும் தனித்தனி எண்ணாக விற்கச் சொல்லியிருந்தார். துப்பாக்கி நூறோடு நின்றது. பெட்டிக்குப் போட்டி மூண்டு முந்நூறைத் தொட்டது.

பெட்டியை எடுத்தவர் முப்பது வயதுக்காரர், ஹோட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறவர். வரவேற்பறை மேசையில் திறந்து வைத்து, சிவப்பு மெத்தைத் துணியில் ஒயின் புட்டிகளை அடுக்கப்போவதாகச் சொன்னார். துப்பாக்கியையும் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்றேன்.

"எனக்கு எதற்கு அந்த வம்பு?"

அதை எடுத்தவர் உதிரி பாக வியாபாரி. பூட்டு இரண்டும் ஆகும், கட்டையும் ஆகும், குழல் சுவர் மெலிந்துவிட்டது, இரும்புக்குத்தான் என்றார். வாங்கியவர்கள் வரிசையில் எனக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். பெட்டிக்காரர் கார்டைத் தட்டிவிட்டு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். வியாபாரி தன் டீலர் சான்றிதழைக் காட்டி, வரிசை எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்து, இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது.